வயலின் தொடக்கம்: ஸ்டாஃப் நொட்டேஷன் மேல் விரல் எண் எழுதி வைக்கலாமா, கூடாதா?

அரைவில்:
வணக்கம். சின்ன வயதில் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டேன். வரிசைகள், அலங்காரம், கீதம், இரண்டு மூன்று வர்ணம் என்று போய் அப்படியே நின்றுவிட்டது. இப்போது சென்னையில் ஒரு மேற்கத்திய வயலின் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நின்றுகொண்டு வாசிப்பது, தாடையில் வைத்துப் பிடிப்பது எல்லாம் மெல்லப் பழகிவிட்டது. காகிதம்தான், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன்தான், பழகவில்லை.

ஒரு நோட்டைப் பார்த்ததும் என் தலைக்குள் நடப்பது இதுதான். கோடுகளைக் கீழிருந்து எண்ணி 'ஜி' என்று கண்டுபிடிக்கிறேன், டி-யை ஸ என்று வைத்தால் ஜி என்பது ம, ம என்றால் டி தந்தியில் மூன்றாவது விரல். இவ்வளவும் முடிவதற்குள் தாளம் தட்டும் மெட்ரோனோம் அடுத்த பாருக்கு, அதாவது அடுத்த தாளக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. வகுப்பில் பக்கத்தில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பையன் எல்லா நோட்டுக்கும் மேலே பென்சிலால் விரல் எண்ணை 0 (வெறும் தந்தி), 1, 2, 3 என்று எழுதி வைத்துக்கொண்டு சரளமாக வாசிக்கிறான். ஆசிரியர் பார்த்தால் அழிக்கச் சொல்கிறார், ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. எழுதலாமா? ஸ்வரமாக நினைப்பதை விட்டுவிட வேண்டுமா? எனக்குப் பதில் சொல்பவர்கள் 'பயிற்சி செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும்.

பின்வரிசை:
எழுதாதீர்கள். காரணம் ரொம்ப எளிது. நோட்டுக்கு மேலே எண் இருந்தால் கண் எண்ணைத்தான் படிக்கும், கீழே இருக்கும் ஐந்து கோட்டை ஏறெடுத்தும் பார்க்காது. அந்தப் பையன் சரளமாக வாசிப்பது நொட்டேஷன் இல்லை, எண் வரிசை. எண் எழுதாத தாளை அவன் முன்னால் வைத்துப் பாருங்கள், முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்பான். தவிர, '2' என்று எழுதினால் எந்த 2? ஒன்றாவது விரலை ஒட்டி வைக்கும் லோ 2-ஆ, மூன்றை ஒட்டி வைக்கும் ஹை 2-ஆ? எண்ணில் அது இல்லை. தாளில் இருக்கிறது.

உங்கள் பிரச்சினை நடுவில் இரண்டு மொழிபெயர்ப்பு இருப்பது. நோட்டு, எழுத்து, ஸ்வரம், விரல் என்று நாலு படி. நடுவில் இருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டால் வேகம் தானாக வரும். அதற்கு வயலினில் ஒரு வசதி உண்டு, பியானோக்காரர்களுக்குக் கிடையாது. வெறும் தந்தி நாலும் தாளில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்:

ஜி, ஐந்து கோட்டுக்கும் கீழே, இரண்டு லெட்ஜர் கோடு (கூடுதலாகப் போடும் குட்டிக் கோடு) போட்டு அதற்கும் அடியில். டி, முதல் கோட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு. ஏ, கீழிருந்து இரண்டாவது இடைவெளியில். ஈ, மேல் இடைவெளியில்.

நாலுமே இடைவெளியில்தான் வருகின்றன, ஒன்றுகூடக் கோட்டின் மேல் இல்லை. தந்திக்குத் தந்தி ஸ-ப தூரம், தாளில் ஸ-ப தூரம் என்பது இடைவெளியிலிருந்து இடைவெளிக்கோ கோட்டிலிருந்து கோட்டுக்கோதான் போகும், அதனால் இப்படி. ஆகவே ஃபர்ஸ்ட் பொசிஷனில் (கை தந்தியின் தொடக்கத்திலேயே இருக்கும் நிலை) எந்தத் தந்தியானாலும், நோட்டு கோட்டின் மேல் இருந்தால் 1 அல்லது 3, இடைவெளியில் இருந்தால் 0, 2 அல்லது 4. விதிவிலக்கு கிடையாது, லெட்ஜர் கோட்டுக்கும் இதே கணக்குத்தான். பாதி வேலை இதிலேயே முடிந்தது. இனி எந்தத் தந்தி என்று மட்டும் தெரிந்தால் போதும், அதற்கு அந்த நாலு வெறும் தந்தி நோட்டுகளை எல்லைக்கல் மாதிரி மனதில் பதிய வையுங்கள். மற்ற நோட்டுகளை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தே பிடிக்கலாம். ட்ரெபிள் க்ளெஃபின் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றுகிறது பாருங்கள், அதுதான் நீங்கள் எண்ணி எண்ணிக் கண்டுபிடிக்கும் ஜி. எண்ணவே வேண்டாம், தாளின் தொடக்கத்திலேயே அதற்கு அடையாளம் போட்டிருக்கிறது.

கட்டை5:
பின்வரிசை சொல்வது கோடு-இடைவெளி விஷயத்தில் சரி. ஆனால் எண்ணே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அச்சில் வரும் தாளிலேயே 0, 4 என்று அங்கங்கே போட்டிருப்பார்களே? ஏ தந்தியில் வரும் ஈ நோட்டை நாலாவது விரலில் வாசிக்கலாம், வெறும் ஈ தந்தியிலும் வாசிக்கலாம், எது வேண்டும் என்று சொல்ல அது தேவை. அதே மாதிரி லோ 2 வரும் இடத்தில், தந்தி மாறும் இடத்தில் ஓர் எண் எழுதி வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லா நோட்டுக்கும் எழுதுவதுதான் தப்பு.

இன்னொன்று. நொட்டேஷனை இவ்வளவு அவசரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. ஜப்பானில் ஷினிச்சி சுஸுகி உருவாக்கிய முறையில் குழந்தைகள் முதலில் கேட்டுத்தான் வாசிக்கிறார்கள், தாய்மொழியைப் பேசிப் பழகிய பிறகு எழுத்துக்கு வருவது போல. படிப்பது பின்னால் வருகிறது. நம் கர்நாடக வகுப்பும் அதுதானே, குரு பாடுகிறார், நாம் திருப்பி வாசிக்கிறோம்.

பின்வரிசை:
கட்டை5, ஆறு வயதுக் குழந்தைக்குச் சரி. அரைவில்லுக்குக் காது ஏற்கெனவே தயார், அதுதான் இங்கே வம்பு. ஆசிரியர் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், மெட்டு காதில் ஏறிவிடும், அப்புறம் தாளைப் பார்ப்பது போல் பாவனைதான் நடக்கும். கர்நாடகப் பின்னணியிலிருந்து வரும் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். காது வலுவாக இருப்பவர்களுக்கு, யாரும் வாசித்துக் காட்டாத, எங்கேயும் கேட்டிராத தாளைத்தான் கொடுக்க வேண்டும்.

டொரன்டோ_அம்மா:
இதில் ஒரு கேள்வி. நான் யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வயலின் படித்தனான், எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் ஒன்றும் விளங்காது. மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் ஸ்ட்ரிங்ஸ் வகுப்பில் இருக்கிறாள். வயலின் கழுத்திலே விரல் வைக்கிற இடத்துக்கு டேப் ஒட்டிக் கொடுத்திருக்கினம். அதுவும் கழற்ற வேணுமா?

பின்வரிசை:
வேண்டாம் அக்கா. டேப் விரல் எங்கே விழ வேண்டும் என்று காட்டுகிறது, தாளைப் படிக்கும் வேலையை அது செய்வதில்லை. சுருதி காதில் நின்றதும் ஆசிரியரே ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். வழக்கமாக ஒட்டும் டேப் டி மேஜர், ஏ மேஜர் பாடங்களுக்கு ஏற்றபடி ஹை 2-க்குத்தான் இருக்கும். லோ 2 வரும் பாடம் தொடங்கும்போதும் பிள்ளை டேப் மேலேயே வைப்பாள். அப்போது டேப்புக்குப் பின்னால், ஒன்றாவது விரலை ஒட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.

அரைவில்:
கோடு என்றால் 1, 3 என்பதை நேற்று ராத்திரி முயன்று பார்த்தேன், நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் ஸ்வரத்தை என் தலையிலிருந்து கழற்ற முடியவில்லை. டி மேஜர் என்றாலே சங்கராபரணம்தான் காதில் ஓடுகிறது. இது உதவியா, இடைஞ்சலா?

கட்டை5:
இரண்டும்தான். டி மேஜரில் டி தந்தியை ஸ என்று வைத்து டி, ஏ தந்திகளில் ஏறினால் ஸ ரி க ம, ப த நி ஸ என்று விரல்கூட நீங்கள் படித்தபடியே விழும். அதனால்தான் முதல் வாரங்களில் சுகமாக இருக்கும். ஸ-வுக்குக் கீழே இறங்கும்போதுதான் தெரியும். கர்நாடக வயலினில் தந்திகள் ஸ-ப-ஸ-ப. மந்த்ர ப தந்தியில் ப வெறும் தந்தி, த ஒன்று, நி இரண்டாவது விரல், அடுத்து ஸ. மேற்கத்தியதில் எல்லாத் தந்திக்கும் நடுவில் ஸ-ப தூரம், டி-க்குக் கீழே இருப்பது ஏ இல்லை, ஜி. ஆக மந்த்ர ப அங்கே முதல் விரல், மந்த்ர நி மூன்றாவது விரலை உயர்த்தி வைக்க வேண்டும். பழக்கத்தில் கை இரண்டாவது விரலைப் போடும், அது த-வுக்கும் நி-க்கும் நடுவில் இல்லை, நேராக த-விலேயே விழும்.

அப்புறம் ஜி மேஜர் பாடம் வந்தால் ஜி ஸ ஆகிவிடும், ஏ மேஜரில் ஏ. நாம் 5 கட்டை, 2 கட்டை என்று சுருதியை மாற்றுவோம், ஆனால் வயலினையே அதற்கேற்ப மாற்றிச் சுருதி சேர்த்துக்கொள்வோம், விரல் மாறாது. இங்கே தந்தி அசையாது, விரல்தான் மாற வேண்டும். நடுவில் மாடுலேஷன் வந்தால் ஒரே பாட்டுக்குள்ளேயே ஸ இடம் மாறும். என் யோசனை: விரலுக்கு ஸ்வரத்தைக் கேட்காதீர்கள், சுருதி சரியா என்று பார்க்க மட்டும் கேளுங்கள். மேஜர் என்றால் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் என்றால் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் என்றால் கீரவாணி என்று காது சொல்லும்போது தப்பான நோட்டு உடனே உறுத்தும். அது பெரிய லாபம்.

வீணைப்பாட்டி:
பிள்ளைகளே, எனக்கு வயலின் தெரியாது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு சாகித்தியம் எழுதினாரே, நோட்டு ஸ்வரங்கள், அவை எல்லாம் சங்கராபரணத்தில் கமகம் இல்லாமல் இருக்கும். 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு அப்படியே வரும். தெரிந்த அந்த மெட்டை ஐந்து கோட்டில் தானே எழுதிப் பார்க்கலாமே? படிப்பதைவிட எழுதிப் பழகினால் சீக்கிரம் மனதில் நிற்கும் என்பது என் அனுபவம். கர்நாடக உருப்படிகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிடும் வேலையைச் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890-களிலேயே செய்திருக்கிறார், நமக்கு இது புதிதில்லை.

கட்டை5:
அருமை அம்மா. அரைவில், இதைச் செய்யுங்கள். அந்த மெட்டு 3/4 தாளத்தில் வரும். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் எழுதினால் எழுதியதை வாசித்தும் காட்டிவிடும், தப்பு எங்கே என்று அப்போதே தெரியும்.

மிருதங்கம்_அல்ல_கஞ்சிரா:
எல்லாரும் சுருதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தாளத்தை யாரும் தொடவில்லை. நான் வயலின்காரன் இல்லை, ஆனால் வயலின்காரர்களோடு ஒரு சின்ன ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருக்கிறேன். தாள் படிப்பதில் ஆள் விழுவது நூற்றுக்குத் தொண்ணூறு தடவை தாளத்தில்தான். ஒரு நோட்டுத் தப்பாக வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும், ஒரு பீட் விட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

உங்களுக்கு இது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆதி தாளத்தில் முதல் காலம் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், அது க்ராட்செட். இரண்டாம் காலம் க்வேவர், மூன்றாம் காலம் செமிக்வேவர். மினிம் என்றால் இரண்டு அட்சரம், செமிப்ரீவ் நாலு. வாயால் சொல்லிப் பாருங்கள், வயலினைத் தொடாமல்: இரண்டு க்வேவர் வந்தால் தக, நாலு செமிக்வேவர் தகதிமி, ட்ரிப்லெட் தகிட. 3/4-ஐயும் 6/8-ஐயும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம், இரண்டிலும் ஆறு க்வேவர்தானே என்று. 3/4 என்றால் தக தக தக, 6/8 என்றால் தகிட தகிட. சொன்னால் ஒரு நொடியில் புரியும், தாளில் பார்த்தால் புரியாது.

புள்ளி வைத்த க்ராட்செட்டும் ஒரு க்வேவரும் சேர்ந்து வரும்போது ஒன்றரை, அரை. அதை எண்ணாதீர்கள், த-க-தி என்று மூன்று அரையும் மி என்று ஓர் அரையும் வைத்து முதல் மூன்றையும் நீட்டுங்கள்.

இன்னும் ஒன்று, கர்நாடகத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டும் வரும் சங்கடம். நாம் எழுதும்போது காற்புள்ளி, அரைப்புள்ளி போட்டால் முன் ஸ்வரத்தை நீட்டு என்று அர்த்தம். இங்கே நீளம் நோட்டின் உருவத்துக்குள்ளேயே இருக்கிறது. ரெஸ்ட் அடையாளம் வந்தால் வில் தந்தியிலிருந்து ஓசை எழுப்பக்கூடாது, கார்வை கிடையாது. நீட்டிவிட்டால் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் நிற்கும்போது நீங்கள் மட்டும் தனியாகக் கேட்பீர்கள்.

புதுவில்லி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வளைவுக் கோடு பற்றியும் யாராவது சொல்லுங்களேன், சில இடத்தில் ஒரே வில்லில் வாசி என்கிறார்கள், சில இடத்தில் ஒரே நோட்டாக நீட்டு என்கிறார்கள்.

பின்வரிசை:
வளைவு இரண்டு வேறு வேறு உயர நோட்டுகளைச் சேர்த்தால் அது ஸ்லர், ஒரே வில்லில் இரண்டு நோட்டு. ஒரே உயரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு நோட்டைச் சேர்த்தால் அது டை, இரண்டாவதைப் புதிதாக வாசிக்கக் கூடாது, முதல் நோட்டையே அதன் நீளத்துக்கும் சேர்த்து நீட்ட வேண்டும். வளைவின் இரு முனையையும் பாருங்கள், அவ்வளவுதான். ஸ்லர் இருக்கும் பாடத்தில் விரலைவிட வில்தான் முதலில் குழம்பும். மேலே கீழே திறந்த பெட்டி மாதிரி அடையாளம் டவுன் போ, வி வடிவம் அப் போ. முதல் தடவை வில்லை மட்டும் காற்றில் அசைத்துக்கொண்டே தாளைப் படியுங்கள்.

புதுவில்லி:
நன்றி. 'மேலே கீழே திறந்த பெட்டி' என்றால் குழப்பமாக இருக்கிறது, கீழ்ப்பக்கம் மட்டும்தானே திறந்திருக்கும்?

பின்வரிசை:
ஆமாம், கீழ்ப்பக்கம் மட்டும். கை தட்டச்சில் ஓடிவிட்டது.

அரைவில்:
கீ சிக்னேச்சர் பற்றி. டி மேஜரில் முதலில் இரண்டு ஷார்ப் (நோட்டை அரைப்படி உயர்த்தும் அடையாளம்) போட்டிருக்கிறது, எஃப் மேல் கோட்டில், சி மூன்றாவது இடைவெளியில். கீழே டி தந்தியில் வரும் எஃப்-க்கும் அது பொருந்துமா?

கட்டை5:
பொருந்தும், எந்த ஸ்தாயியில் வரும் எஃப் ஆனாலும், பாடம் முழுக்க. நடுவில் திடீரென்று ஒரு நோட்டுக்கு முன்னால் போடும் ஷார்ப், ஃப்ளாட் (அரைப்படி தாழ்த்துவது), நேச்சுரல் (இரண்டையும் நீக்குவது) மட்டும் வேறு: அந்த பாருக்குள், அந்த உயரத்துக்கு மட்டும். பார் கோடு தாண்டினால் அது செல்லாது.

கீ சிக்னேச்சரை எழுத்தாகப் படிக்காதீர்கள், விரல் அமைப்பாகப் படியுங்கள். ஒவ்வொரு தந்தியிலும் இரண்டாவது விரல் 1-ஐ ஒட்டுமா, 3-ஐ ஒட்டுமா? டி மேஜரில் டி, ஏ தந்திகளில் 3-ஐ ஒட்டும். சி மேஜரில் அதே தந்திகளில் 1-ஐ ஒட்டும். வாசிக்கும் முன் நாலு தந்தியிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டால், அப்புறம் ஷார்ப்பைப் பற்றி நினைக்கவே வேண்டாம், கை அந்த வடிவத்திலேயே இருக்கும். தாளில் எண் எழுதுவதற்குப் பதிலாக நீங்கள் எழுத வேண்டியது இதைத்தான், மேலே ஓரத்தில் ஒரே ஒரு வரி.

டொரன்டோ_அம்மா:
இது நல்லா விளங்கினது. மகளுக்கும் காட்டினனான்.

கிரேடு3:
பரீட்சைக்குப் போகிறவர்களுக்காக. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பிராக்டிகல் கிரேடில் மொத்தம் 150 மதிப்பெண், அதில் சைட் ரீடிங்குக்கு (முன்பு பார்க்காத தாளை வாசிப்பது) 21. தாளைக் கொடுத்ததும் அரை நிமிடம் பார்க்க விடுவார்கள், அந்த நேரத்தில் மெல்ல வாசித்துப் பார்க்கவும் செய்யலாம். பலர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். 2020-இல் வந்த பெர்ஃபாமன்ஸ் கிரேடில் சைட் ரீடிங் இல்லை, இன்னொரு தேர்வு வாரியமான டிரினிட்டியில் கிரேடு 5 வரை அதைத் தேர்ந்தெடுக்காமலும் போகலாம். அதனால் நிறையப் பேர் அதை ஒதுக்கிவிட்டு மேலே போய்விடுகிறார்கள், பிறகு குழுவாக வாசிக்கும் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த அரை நிமிடத்தில் நான் பார்ப்பது: டைம் சிக்னேச்சர், கீ சிக்னேச்சர், இரண்டாவது விரல், பிறகு நோட்டுகள் நெருங்கிக் கறுப்பாகத் தெரியும் பார் எதுவோ அது ஒன்றை மட்டும் வாயால் சொல்லிப் பார்ப்பது. வேகத்தை அந்தக் கறுப்பு பார்தான் முடிவு செய்ய வேண்டும், முதல் பார் இல்லை.

மிருதங்கம்_அல்ல_கஞ்சிரா:
இந்தக் கடைசி வரி பொன்.

பின்வரிசை:
வீட்டில் செய்ய ஒரு வழி. உங்கள் பாடத்தைவிட ரொம்ப எளிதான தாள்களை எடுங்கள், ஐஎம்எஸ்எல்பி தளத்தில் காப்புரிமை முடிந்தவை ஏராளம். ஒரு தாளை ஒரே தடவை வாசியுங்கள், தப்பினாலும் நிற்காமல். மறுபடி வாசித்தால் அது ஞாபகம், படிப்பு இல்லை. யாராவது பக்கத்தில் இருந்தால் நீங்கள் வாசிக்கும் பாரை ஒரு அட்டையால் மூடிக்கொண்டே வரச் சொல்லுங்கள். கண் அடுத்த பாருக்குப் போயே ஆக வேண்டும், வேறு வழி இருக்காது. முதலில் எரிச்சலாக வரும். ராஜா சார் தானே எழுதிக் கொடுக்கும் ஸ்கோரைப் பார்த்த இடத்திலேயே வாசித்த நம் ஊர் ஸ்டூடியோ வயலின்காரர்களின் கண் எப்போதும் கைக்கு முன்னால்தான் போயிருக்க வேண்டும்.

புதுவில்லி:
கோடு என்றால் 1, 3 என்பது கை மேலே நகர்ந்து தேர்ட் பொசிஷன் போனதும் உடைந்துவிடாதா?

பின்வரிசை:
உடையாது. தேர்ட் பொசிஷனில் டி தந்தியில் முதல் விரல் ஜி, அது கோட்டின் மேல்தான். ஃபிஃப்த் பொசிஷனிலும் அப்படியே. செகண்ட், ஃபோர்த் பொசிஷன்களில்தான் தலைகீழ், அங்கே 1, 3 இடைவெளிக்குப் போகும். செகண்ட் பொசிஷனைப் பலரும் வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எண் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் பொசிஷன் மாறும்போது மொத்தமும் சரியும், ஒரே நோட்டுக்கு நேற்று 3, இன்று 1 என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அரைவில்:
அடுத்த பாடம் ஜி மேஜர், ஒரு ஷார்ப். ஓரத்தில் எழுதிவிட்டேன்: ஜி, டி தந்திகளில் 2 மூன்றை ஒட்டி, ஏ, ஈ தந்திகளில் 2 ஒன்றை ஒட்டி. சரிதானே?

கட்டை5:
சரி. ஈ தந்தியில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே முதல் விரல் எஃப் ஷார்ப். லோ 2 வைக்கும்போது 1-ஐயும் சேர்த்து நட் (தந்தி தொடங்கும் தலைப்பக்க மேடு) பக்கம் இழுத்துவிடுவது எல்லாருக்கும் வரும். 1 இருந்த இடத்திலேயே இருக்கட்டும், 2 மட்டும் அதன் மேல் வந்து ஒட்டட்டும்.